திருமயிலை: கடற்கரைத் தலம் ஊர்நடுவில் நிற்பது எவ்வாறு?

சைவ பாடசாலைகளிலே திருஞானசம்பந்த சுவாமிகள் சரித்திரம் கற்பிக்குமிடத்துப் பூம்பாவையை எழுப்பிய வரலாறு தவறாது இடம்பெறும். எமது பெரியநீலாவணைப் பகுதிப் பிள்ளைகள் அதனைப் பெருவிருப்போடு கேட்பர். ஒருகால் யாம் இவ்வரலாற்றைக் கூறி, பதிகத்தின் பொருளையும் விளக்கிக்கொண்டிருந்தபோது மாணாக்கனொருவன் எழுந்து, “ஐயா, பதிகத்திலே மாசிக் கடலாட்டு வருகின்றது. புத்தகப் படத்திலோ கோயிலின் அருகே குளந்தான் இருக்கின்றது. கடல் எங்கே?” என வினவினான். “கடல் பின்வாங்கிவிட்டது” என்று சொல்லி அவனை இருத்தினோம். அவனும் இருந்தான், பாடமும் நடந்தது.

அவ்விடை பிழை என்பதைப் பின்னரே அறிந்தோம். அறிந்த பின்னும் அதனைத் திருத்துதற்குச் சில ஆண்டுகள் சென்றன. அதற்குள் எத்தனையோ வகுப்புகள் அப்பிழையைக் கேட்டுச் சென்றுவிட்டன. இக்கட்டுரை அக்கடனைத் தீர்க்கும் பொருட்டு எழுதப்படுவது. திருமயிலை என்னும் மயிலாப்பூர், இன்று சென்னை மாநகரின் ஒரு பகுதி. ஆயின் அந்நகரத்துக்கு முதலாயமைந்த ஜார்ஜ் கோட்டை எழுந்தது 1640ஆம் ஆண்டிலேயாம். மயிலையோ அதற்குப் பல நூற்றாண்டு முன்னரே பேரூராய் விளங்கியது. கி. பி. 2ஆம் நூற்றாண்டிலே பூகோள நூல் எழுதிய தாலமி என்பார் குறித்த ‘மலியார்பா’ என்னும் துறை மயிலாப்பூரே என ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். ஆகவே மயிலை சென்னையின் ஒரு பகுதி என்பதினும், சென்னை மயிலையின் வடபால் பின்வந்து வளர்ந்து அதனை உட்கொண்ட ஊர் என்பது பொருந்தும்.

முதலிலே பதிகத்தை எடுத்துக்கொள்வோம். ஆளுடைய பிள்ளையார் 7ஆம் நூற்றாண்டினர். மயிலைப் பூம்பாவைத் திருப்பதிகம் இரண்டாந் திருமுறையில் உள்ளது. சிவநேசர் என்னும் வணிகர் தம் மகளைப் பிள்ளையாருக்கே உரியளாகக் கருதி வளர்த்ததும், அவள் மலர்கொய்யச் சென்றவிடத்து அரவு தீண்டி இறந்ததும், எலும்பையும் சாம்பரையும் குடத்திலிட்டுக் கன்னிமாடத்தில் வைத்திருந்ததும், பிள்ளையார் பாடியருளக் குடம் உடைந்து அவள் எழுந்ததும், “நாம் உயிர் தந்தமையால் இவள் எமக்கு மகள்” என்னுங் கருத்துப்பட அவர் மணத்தை மறுத்ததும் 12ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துரைத்தன. இவற்றை ஆசிரியர் அனைவரும் அறிவர்.

பலரும் கவனியாது விடுவது வேறொன்று. அப்பதிகம் ஒரு திருவிழா அட்டவணை. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்தரம், அட்டமி விழா, பொன்னூசல், பெருஞ்சாந்தி என ஓராண்டின் விழாக்கள் நிரல்பட வருகின்றன. முதற் பாட்டு அடியார்க்கு அமுதூட்டுதலைச் சொல்கின்றது. ‘இவற்றையெல்லாம் காணாமற் போவாயோ’ என்று இறந்த பெண்ணைக் கேட்பதுபோல் அமைந்தது அப்பாடல். உயிரோடிருத்தல் என்பது ஊராரோடு கூடி விழாக் காண்டல் எனும் கருத்து இதனுள் அடங்கியிருப்பதை யாம் வகுப்பிலே சொல்லும்போது சிறுவரும் உணர்கின்றனர். 1300 ஆண்டுக்கு முன் ஒரு நகரத்தார் எவ்வெம் மாதத்தில் எவ்வெவ் விழாக் கொண்டாடினர் என்பதை இத்துணைத் தெளிவாகக் காட்டுஞ் சான்று வேறு எத்தனை ஊர்க்கு உண்டு?

இனி நிலத்தைப் பார்ப்போம். புன்னையும் கானலும் பதிகத்திலே வருகின்றன. இவை நெய்தற்குரியன என்பதை இலக்கணம் கற்ற ஆசிரியர்க்கு யாம் சொல்ல வேண்டுவதில்லை. மாசியிலே ஊரார் கடலாடச் சென்றனர் என்பதும் அவ்வூரின் கடற்சார்பைக் காட்டும். 15ஆம் நூற்றாண்டினராகிய அருணகிரிநாதரும் திருப்புகழிலே மயிலையைக் கடற்கரையின் அலையருகே உள்ள பதியாகவே பாடினார். இன்றைய கபாலீசுவரர் கோயிலிலிருந்து கடற்கரைக்கு ஏறத்தாழ ஒரு மைல் நடக்க வேண்டும். இடையிலே வீடும் வீதியும் உள்ளன. அருணகிரியார் கண்ட கோயிலும் இன்று யாம் காணுங் கோயிலும் ஓரிடத்தன அல்ல என்பதே இதன் பொருள். பின்வாங்கியது கடலன்று; இடம் மாறியது கோயில்.

ஈண்டு ஒரு சிறு விலக்குச் சொல்லவேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டபின், அதன் தென்பால் மணல் சேர்ந்து மெரீனாக் கடற்கரை அகன்றது உண்மையே. ஆயின் அது கோயில் இடம்மாறி நெடுங்காலஞ் சென்றபின் நிகழ்ந்தது. எம் பழைய விடைக்கு அது துணையாகாது.

இடம் மாறியது ஏன்? போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே இக்கரையில் வந்து குடியேறினர். இயேசுநாதரின் மாணாக்கருள் ஒருவராகிய தோமையார் இங்கே அடக்கஞ் செய்யப்பட்டார் என்பது கிறித்தவர்களின் நெடுநாள் நம்பிக்கை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலே வந்த மார்க்கோ போலோவும் அந்நம்பிக்கையைக் குறித்துள்ளார். அவ்வடக்கவிடத்தைச் சூழ்ந்து போர்த்துக்கேயர் அமைத்த குடியேற்றமே சாந்தோம். அவர் ஆட்சியிலே கடற்கரைக் கோயில் அழிக்கப்பட்டது என்பது மயிலையின் வழிவழி வழக்கு. கடலும் அதன் அழிவிற்குக் காரணமாயிற்று என்பாரும் உளர். சாந்தோம் தேவாலயச் சூழலிலே சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகள் அகப்பட்டன. அவற்றுள் ஒன்று கூத்தாடுந் தேவர்க்கு இரவு விளக்கெரித்தற்கு விட்ட நிவந்தத்தைச் சொல்வது. கூத்தப்பெருமானுக்கு எரிந்த விளக்கின் செய்தி தேவாலய நிலத்திலே கிடந்தமை, அந்நிலத்தருகே முன்பு சிவாலயம் இருந்தது என்பதை யூகிக்க இடந்தருகின்றது. எமது நாட்டிலே 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருக்கோணேச்சரத்துக்கும் நல்லூருக்கும் நேர்ந்ததை அறிந்த பிள்ளைகட்கு இது புதுமையாய்த் தோன்றாது.

இவ்விடத்திலேதான் ஆசிரியர் நாவைக் காக்க வேண்டும். வகுப்பில் இருக்கும் கிறித்தவப் பிள்ளை போர்த்துக்கேயன் அல்லன். விபுலாநந்த அடிகள் சிறுவராயிருந்தபோது ஆங்கிலம் கற்றது கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியிலுமே. நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு, ஆண்டோடும் ஆட்சியோடும் சேர்த்துச் சொல்லுக. ‘அவர்கள்’ என்று பொதுப்படச் சுட்டிச் சொல்லற்க.

சாந்தோம் பின்னர்ப் பல கைம்மாறியது. 1662இல் கொல்கொண்டா சுல்தானின் படை அதனைக் கைக்கொண்டது, 1672இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர், 1674இல் இழந்தனர், 1749இல் ஆங்கிலேயர் தமதாக்கினர். இன்று காணப்படும் உயர்ந்த வெண்ணிறத் தேவாலயம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பப்பட்டது. அதனையும் பழைய போர்த்துக்கேயர் கட்டடம் என்று எண்ணுவார் பலர். உள்நாட்டுப்புறமாக லஸ் என்னுமிடத்திலுள்ள சிறு தேவாலயமே போர்த்துக்கேயர் காலத்தது. அங்குள்ள கல்வெட்டு 1516 என ஆண்டு குறிக்கும். மக்கள் அதனைக் காட்டுக்கோயில் என வழங்கினர். இன்று நெருக்கமிகுந்த நாற்சந்தியாயுள்ள அவ்விடம் ஒருகாலத்திற் காடாயிருந்தமையை அப்பெயரொன்றே காத்து வைத்திருக்கின்றது. ‘லஸ்’ என்பதோ போர்த்துக்கேய மொழியில் ஒளி எனப் பொருள்படுஞ் சொல். காடும் ஒளியும் ஒரு கட்டடத்தின் இரு பெயர்களாயின!

கோயிலுக்குத் திரும்புவோம். இன்றைய கபாலீசுவரர் கோயில் ஏறத்தாழ 300 ஆண்டுகட்கு முன் இப்போதுள்ள இடத்தில் மீண்டும் கட்டப்பட்டது என்பர். சுவாமி சந்நிதி மேற்கு நோக்கியது. திருக்குளமும் மேற்கிலேயே உள்ளது. கீழ்ப்பால் நிற்கும் ஏழுநிலை இராசகோபுரம், ஏறக்குறைய 120 அடி உயரமுடையது, 1906ஆம் ஆண்டினது. அக்கோபுரத்தைச் சம்பந்தர் கண்டதாகச் சொல்லும் ஆசிரியரும் எம்மிடையே இருந்தனர்! கற்பகாம்பாள் சந்நிதி தெற்கு நோக்கியது. உமையம்மையார் மயிலுருக்கொண்டு புன்னையடியில் இறைவனைப் பூசித்தமையால் மயிலை என்னும் பெயர் வந்தது என்பது தலபுராணம். உட்பிராகாரத்துப் புன்னை அதற்கு அடையாளமாகப் போற்றப்படுகின்றது. கடற்கரையை விட்டு வந்த கோயில் தன் நெய்தல் மரத்தையும் உடன்கொண்டு வந்தது போலும். பூம்பாவைக்கும், வாய்பேசாது மனத்தாலே கோயில் அமைத்து வழிபட்ட வாயிலார் நாயனாருக்கும் இக்கோயிலிலே சந்நிதிகள் உண்டு. வாயிலார் பிறந்தது மயிலையிலே என்பதையும், அவர் கட்டிய அகக்கோயிலை எப்படையும் இடிக்க இயலாமையையும் சேர்த்துக் கூறின் பிள்ளைகள் மறவார்.

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்துமூவர் விழா. அன்று காலையிலே பூம்பாவை உயிர்பெற்றெழுந்த நிகழ்ச்சி குளக்கரையில் நடத்திக் காட்டப்படும். மாலையிலே அறுபத்துமூன்று நாயன்மாரின் திருமேனிகளும் பல்லக்குகளில் வரிசையாய் மாடவீதி வலம்வர, இறைவன் அவர்களை நோக்கி எழுந்தருளுவான். ஆண்டவன் அடியாரைக் காணவரும் இக்காட்சிக்கு அயலூர்களிலிருந்தும் பெருந்திரளாக மக்கள் வந்து கூடுவர். வீதியெங்கும் நீரும் மோரும் உணவும் வழங்குவோர் நிற்பர். பதிகத்தின் முதற்பாட்டு அடியார்க்கு அமுதூட்டுதலைச் சொல்கின்றது என்றோமே. அது இன்றும் அவ்வீதியிலே நடைபெறுகின்றது. கோயில் இடம்பெயர்ந்தது, கல்லும் மாறிற்று, விழா மாறவில்லை. பதிகத்துப் பங்குனி உத்தரத்தை இன்றைய பங்குனிப் பெருவிழாவோடு இணைப்பது ஆண்டுதோறும் வடம் பிடித்த கைகளேயன்றிக் கற்சுவரன்று.

திருக்குளத்தைப்பற்றி ஒரு செய்தி எம்மூர் ஆசிரியர்க்கு மிக வேண்டியது. அக்குளத்தின் நிலம் ஆர்க்காட்டு நவாப்பினால் அளிக்கப்பட்டது என்பது மயிலையார் வழக்கு. முகரம் நாளிலே முசுலிம்கள் அக்குளத்தை வழங்கிக்கொள்ளும் உரிமையும் அதனொடு கூறப்படும். பெரியநீலாவணையை அடுத்த ஊர் மருதமுனை. நெசவுக்குப் பெயர்பெற்ற முசுலிம் ஊர். இவ்விரு ஊராரும் ஒரே தமிழைப் பேசி, ஒரே கடலில் வலைவீசி, ஒரே சந்தையிற் கொண்டு விற்போர். போர்க்காலத்திலே இக்கரையூரார் ஒருவரையொருவர் அஞ்சி வாழ்ந்த நாள்களை அறிந்தவர்கள் இன்று ஆசிரியராயிருக்கின்றனர். போர்த்துக்கேயர் இடித்ததைக் கூறும் ஆசிரியர், நவாப் அளித்ததைக் கூறாது விடுவாராயின் அவர் கூறியது பாதி வரலாறு. சிலர் இதனை வேண்டுமென்றே விடுகின்றனர் என்பதை யாம் வருத்தத்தோடு குறிக்கின்றோம்.

மயிலையிலே சைவம் மட்டும் வளர்ந்ததில்லை. முதலாழ்வார் மூவருள் பேயாழ்வார் தோன்றியது இங்கே. திருவள்ளுவர் இவ்வூரினர் என்னும் வழக்கு உண்டு. அவர்க்கு இங்கு ஒரு கோயிலும் இருக்கின்றது. சமணரும் இங்கே சிறப்புற்று வாழ்ந்தனர். குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு நேமிநாதம் எனப் பெயரிட்டது, மயிலையிற் கோயில்கொண்டிருந்த நேமிநாத தீர்த்தங்கரர் பெயராலேயாம். நன்னூலுக்கு முதலுரை கண்ட மயிலைநாதர் பெயரும் அத்தொடர்பினதே. நன்னூல் கற்பிக்கும் ஆசிரியர் பலர் அவ்வுரையாசிரியர் பெயரை எத்தனையோ முறை உச்சரித்தும், அதனுள்ளே மயிலாப்பூர் இருப்பதை எண்ணியதில்லை, யாமும் எண்ணியதில்லை. கடல் ஊரை நெருங்கியபோது அந்நேமிநாதர் திருவுருவம் சித்தாமூருக்குக் கொண்டுசெல்லப்பட்டது என்பது சமணர் வழக்கு. ஆகவே மயிலையின் பழங்கரையை விட்டுப் பெயர்ந்தது சிவாலயம் ஒன்றன்று.

கபாலீச்சரத்தையன்றிக் காரணீச்சரர், வெள்ளீச்சரர், விருபாட்சீச்சரர், வாலீச்சரர், மல்லீச்சரர் முதலிய சிவாலயங்களும், முண்டகக்கண்ணியம்மன், கோலவிழியம்மன் கோயில்களும் ஒன்றற்கொன்று நடைதூரத்தில் உள்ளன. இவற்றின் விரிவை வேறு சமயத்திற் காணலாம். வடக்கு மாடவீதியிலே நவராத்திரிக்கு முன் கொலுப்பொம்மைகள் குவிந்துகிடப்பது பிள்ளைகள் பெரிதும் விரும்பிக் கேட்குஞ் செய்தி என்பதை மட்டும் சொல்லி அப்பாற் செல்கின்றோம்.

அடுத்த காலத்து மயிலை கல்வியால் பெயர்பெற்றது. சுவாமி இராமகிருஷ்ணானந்தர் 1897இல் சென்னைக்கு வந்து தொடங்கிய மடம், 1907இல் மயிலாப்பூரில் நிலைபெற்றது. ஏழை மாணாக்கர்க்கு உண்டியும் உறையுளும் கல்வியும் தரும் இராமகிருஷ்ண மாணவர் இல்லம் 1905இல் எழுந்தது. 1906இல் சமஸ்கிருதக் கல்லூரியும், 1946இல் விவேகானந்தர் கல்லூரியும் தோன்றின. வழக்கறிஞரும் நீதிபதிகளும் லஸ் வீதியின் பெருமாளிகைகளில் வாழ்ந்த காலமும் இதுவே. அவர் புகழைப் பாடுவோர் பலர் உளராதலின் யாம் விடுகின்றோம்.

எமக்கு வேண்டியவர் அம்மடத்து வாயிலில் 1922இல் நுழைந்த ஒருவர். பெரியநீலாவணைக்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ள காரைதீவிலே 1892இல் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். மயிலின் பெயர் தாங்கியவர் மயிலின் ஊரையே சேர்ந்தார்! மடத்திலே பிரபோத சைதன்யர் என்னும் பெயரோடு பிரமசரியம் பூண்டு, ‘இராமகிருஷ்ண விஜயம்’ என்னும் தமிழ்ப் பத்திரிகைக்கும் ‘வேதாந்த கேசரி’ என்னும் ஆங்கிலப் பத்திரிகைக்கும் ஆசிரியராய்ப் பணிசெய்தார். 1924இல் துறவுபெற்று விபுலாநந்தரானார். மறுவருடம் ஈழத்துக்கு மீண்டார். கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியதும், கீழ்மாகாணத்துப் பாடசாலைகள் பலவற்றை நடத்தியதும், பின்னர் யாழ்நூல் இயற்றியதும், 1947இல் மறைந்ததும் யாவரும் அறிந்தன. இக்கரையிலே நாம் நடத்தும் சைவ பாடசாலைகளுக்கு மயிலையின் ஒரு தெரு வழியாகவும் ஒரு வேர் ஓடியிருக்கின்றது. மயிலாப்பூர் எமக்கு அயலூரன்று என்பதைப் பிள்ளைகட்கு உணர்த்த அடிகளின் வாழ்க்கையே போதும்.

இப்பாடத்தை நடத்தும் முறைபற்றிச் சில சொல்வோம். கரும்பலகையிலே கிழக்கே கடலை வரைக. கரையோரத்தில் ‘பழைய கோயில்’ என ஒரு புள்ளியும், மேற்கே உள்ளொதுங்கி ‘இன்றைய கோயில், குளம்’ எனப் பிறிதொரு புள்ளியும் இடுக. முதற் புள்ளியருகே சம்பந்தர், அருணகிரியார், போர்த்துக்கேயர் எனக் காலமுறையில் எழுதுக. இரண்டாம் புள்ளியருகே 1906 என்பதை எழுதி, கோபுரத்தின் வயது எத்தனை எனப் பிள்ளைகளையே கணக்கிடச் செய்க. பின்பு மூன்று நிரல்கள் கீறுக: பாடலிற் கண்டது, கல்லிற் கண்டது, ஊரார் சொல்வது. நவாப்பின் குளமும் மயிலுருவும் மூன்றாம் நிரலிற் சேரும்; மாசிக் கடலாட்டு முதல் நிரலிற் சேரும்; விளக்கு நிவந்தம் இரண்டாம் நிரலிற் சேரும். ஊரார் சொல்வது இழிந்ததென்று பிள்ளைகள் எண்ணாதபடி காத்துக்கொள்க. அது வேறு வகைச் சான்று; அவ்வளவே. இந்நிரல்களைக் கீறி நடத்திய நாளிலேதான் எம் பழைய விடையை வகுப்பின் முன்னிலையிலே பிழையென ஒப்புக்கொண்டோம். வினாவிய மாணாக்கன் அப்போது பாடசாலையை விட்டுச் சென்றுவிட்டான்.

அடுத்த கிழமை பிள்ளைகளைத் தம் ஊரிலே அதே மூன்று நிரல்களை நிரப்பிவரச் சொல்லலாம். 2004 திசெம்பர் 26ஆம் நாட் கடற்கோள் மயிலைக் கரையையும் எமது கரையையும் ஒரே காலையிலே தாக்கியது. பெரியநீலாவணையிலும் மருதமுனையிலும் கரையோரத்திருந்த வீடுகள் அழிய, பிழைத்தவர்கள் வேறிடங்களிற் குடியேறினர். எந்த வீதி முன்பு எங்கே முடிந்தது, எந்தக் கிணறு யாருடையது, எந்த மரத்தடியில் யார் வலை உலர்த்தினர் என்பன முதியோர் நினைவிலே மட்டும் உள்ளன. அம்முதியோர் இருக்கும்போதே அவை எழுதப்படல் வேண்டும். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் தீப்பள்ளயத்துக்குச் செல்லும் பிள்ளைகள் அவ்விழாவின் நாள்களையும் சடங்குகளையும் வரிசையாக எழுதிவரின், பூம்பாவைப் பதிகத்தின் விழாநிரலுக்கு அருகே வைத்துப் பார்க்கலாம்.

ஊர்ப்பெயரையே தம் பெயராகக் கொண்ட கவிஞர் நீலாவணன், 1931இல் பெரியநீலாவணையிலே பிறந்து, ஆசிரியத் தொழில் செய்து, 1975இல் மறைந்தவர். அவர் பெயரைப் பாடல் நிரலின் தலைப்பிலே எழுதித் தொடங்கும்படி யாம் எம் வகுப்பிற்குச் சொல்லியிருக்கின்றோம். முதல் வாரத்திலே பதினொரு கொப்பிகள் வந்தன. அவற்றுள் நான்கிலே ஊரார் சொல்வது என்னும் நிரல் பக்கத்தைக் கடந்து மறுபக்கத்துக்கும் சென்றிருந்தது.